படியிறங்க முடியாதவர்களும் பேரப்பிள்ளைகளும்

நடமாட்டம் குறையும்போது தாத்தா, பாட்டியின் கையைவிட்டு முதலில் போவது சின்னச் சின்ன வேலைகள்தாம். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நிற்பது, பெட்டிக்கடைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது, ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் கிண்ணத்தோடு ஓடிச் சோறூட்டுவது, சாயங்காலம் கோயிலுக்கு அழைத்துப்போவது என்று அந்தப் பட்டியல் நீளும். வீட்டில் யாரும் இவற்றைப் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் பேரப்பிள்ளை உறவு நடந்துகொண்டிருந்தது இவற்றின் வழியாகத்தான். வேலைகள் நின்றபின் பாசம் அப்படியே இருக்கிறது, அது புழங்குவதற்கு இடமில்லாமல் போகிறது.

காரணங்கள் பல. மூட்டுத் தேய்மானம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மெல்ல மெல்ல முடக்குகிறது. வீடும் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. பக்கவாதமோ குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதோ ஒரே இரவில் நிகழ்ந்துவிடுகிறது. நேற்றுவரை தோளில் ஏற்றிக்கொண்டு திரிந்த தாத்தா இன்று கட்டிலில் கிடப்பதை ஐந்து வயதுப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும் என்று ஆஸ்பத்திரி ஓட்டத்தில் யாரும் யோசிப்பதில்லை. சர்க்கரை நோயில் புண் ஆறாமல் விரலையோ காலையோ எடுத்தவர்கள், நடுக்குவாதத்தால் அடியெடுத்து வைக்கத் தயங்குகிறவர்கள் ஆகியோரின் நிலை வேறு வகை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது; அவர்களில் ஏறத்தாழ 54 லட்சம் பேர் நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தவர்கள் பத்துக் கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர். மூட்டுவலியால் மாடிப்படி இறங்குவதை நிறுத்திவிட்ட பாட்டி இந்த 54 லட்சத்தில் பெரும்பாலும் சேர்வதில்லை. எந்தப் பட்டியலிலும் அவர் ஊனமுற்றவர் இல்லை. ஆனாலும் பேத்தியின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அவரால் போக முடியாது.

இந்தச் சிக்கலைப் பார்ப்பதற்குத் திருத்தணி பொருத்தமான ஊர். ஊரின் அடையாளமே படிகள்தாம். ஆறுபடை வீடுகளில் ஐந்தாவதான தணிகை மலைக்கு ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகள் உண்டு. மேலே வரை வாகனச் சாலையும் உண்டு. சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். திருப்பதி அதைவிடப் பக்கம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த இந்த வட்டாரத்தில், எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள் ஏராளம்: மகளை நகரியிலோ புத்தூரிலோ கொடுத்திருப்பார்கள், மருமகள் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருப்பாள். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பகுதிகளில் தறியையே நம்பியிருந்த வீடுகளிலிருந்தும், கரும்பும் நெல்லும் விளைந்த கிராமங்களிலிருந்தும் அடுத்த தலைமுறை அம்பத்தூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குப் போய், போன இடத்திலேயே குடியேறிவிட்டது. பெற்றோர் ஊரில் தங்கிவிட்டார்கள். நினைத்தால் போய்வரக்கூடிய தூரம் என்பதாலேயே போய்வருவது தள்ளிப்போடப்படுகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகன் ஆண்டுக்கு ஒருமுறை மூன்று வாரம் வருகிறான். அம்பத்தூரில் இருப்பவன் வந்த வேகத்தில் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளாகவே வந்துபோகிறான்.

பொதுமுடக்கக் காலம் இதைக் கசப்பாக உணர்த்தியது. 2020 ஏப்ரலில் வேலூர் மாவட்டத்தில் ஆந்திரத்துக்குப் போகும் இரண்டு சாலைகளின் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் இடித்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஆயாவும் அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகளுமாக இருந்த குடும்பங்களுக்கு, நல்ல கால்கள் இருந்தும் நகர முடியாத நிலை அப்போது சில மாதங்கள் வாய்த்தது. மூட்டு தேய்ந்தவர்களுக்கு அது ஆண்டு முழுவதும் இருக்கும் நிலை.

தீர்வு தேடுகிறவர்கள் வழக்கமாகச் சக்கர நாற்காலியில் தொடங்குவார்கள். வாசற்படியில் தொடங்குவதுதான் சரி. சாய்தளத்துக்கான பொது அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது அரையடி உயர வாசற்படிக்கு ஆறடி நீளச் சரிவு வேண்டும். இரண்டடி உயரத் திண்ணை வைத்துக் கட்டிய பழைய வீட்டுக்கு இருபத்து நான்கடி. ஊருக்குள் இருக்கும் சந்துகளில் அந்தச் சரிவு எதிர்வீட்டுக்குள் போய்த்தான் முடியும். அங்கே சாய்தளம் கட்டுவதைவிட, முதியவரின் இருப்பிடத்தையே திண்ணைக்கு மாற்றுவது நடக்கக்கூடிய காரியம். கைவைத்த உறுதியான நாற்காலி, மேலே ஒரு மின்விசிறி, எழுந்து பிடித்துக்கொள்ளச் சுவரில் பதித்த கம்பி. இவ்வளவு இருந்தால் தெருவும், தெருவில் விளையாடும் பிள்ளைகளும், வந்திறங்கும் பேரனும் அவர் கண்முன் இருப்பார்கள். பின்கட்டு அறைக்குள் கட்டில் போட்டுப் படுக்கவைக்கப்பட்டவரைப் பார்க்கப் பிள்ளைகள் தேடிப்போக வேண்டும். பிள்ளைகள் தேடிப்போவதில்லை. கூடத்தில் இருந்தால் ஓடும்போதாவது இடித்துக்கொண்டு போவார்கள்.

மாடிவீடுகளில் நிலைமை இன்னும் மோசம். கீழ்த்தளத்தைக் கடைக்கோ வாடகைக்கோ விட்டுவிட்டு, வயதானவர்கள் மேலே குடியிருக்கும் வழக்கம் ஊர் ஊராக இருக்கிறது. வருமானக் கணக்கு சரிதான். முட்டி போனபின் அதே வாடகைதான் அவர்களை மாடியில் சிறைவைக்கிறது. கழிப்பறையும் இப்படித்தான். குத்தவைக்க வேண்டிய கழிப்பறை மட்டுமே உள்ள மகன் வீட்டுக்கு மூட்டு தேய்ந்த அம்மா போய்த் தங்கமாட்டார். காரணத்தை வெளியே சொல்லவும் மாட்டார். “ஊரை விட்டு வர மனசில்லை” என்று அவர் சொல்வதைப் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். கழற்றி வைக்கக்கூடிய ஒரு கமோடு நாற்காலி, பேரப்பிள்ளையோடு பத்து நாள் தங்குவதைச் சாத்தியமாக்கும் பொருள். அதை வாங்குவதற்கு முன் அம்மாவின் மனசைப் பற்றி முடிவு கட்டக் கூடாது.

காலைவிடக் காதும் கண்ணும் பல்லும் பேரப்பிள்ளை உறவுக்கு முக்கியம் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. நடக்க முடியாதவர் பேசலாம். காது கேட்காதவரிடம் பிள்ளை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு மூன்றாம் முறை விலகிவிடும். பொக்கை வாயால் குழறும் கதை பெரியவர்களுக்குப் புரிந்தாலும் போனில் குழந்தைக்குப் புரியாது. மத்திய அரசின் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் இதை ஓரளவு உணர்ந்து வகுக்கப்பட்டது. 2017-இல் பக்கத்து நெல்லூரில் தொடங்கிய இத்திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி ஆகியவற்றோடு காதுகேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, பல்செட் ஆகியவையும் உண்டு. முகாமுக்கு வரமுடிந்தவர்களுக்குத்தான் இவை எளிதில் கிடைக்கின்றன என்பது இதிலுள்ள முரண்.

வீட்டுக்கே வரும் சேவைகளும் சேர்ந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. 2025-இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதில் மூத்தோர், மாற்றுத்திறனாளிகள் வீடுகளுக்கு ரேஷன் பொருட்கள் வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கு வரும்போது குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி, “எப்ப நடப்பாரு?” என்பது மட்டும் அல்ல. சாய்ந்து அரைமணி நேரம் உட்கார முடியுமா, நல்ல கையால் போனைப் பிடிக்க முடியுமா, தலையணை முட்டுக் கொடுத்தால் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்க வேண்டும். இவற்றுக்கான பயிற்சி நடைப்பயிற்சியைவிட விரைவில் பலன் தரும். பேரனைத் தூக்குவதற்காகக் கையை நீட்டுகிறவர், சிகிச்சையாளர் சொல்லி நீட்டுகிறவரைவிடக் கூடுதலாகவே நீட்டுவார்.

அசையாத உடம்பைத் தேடிப் பிள்ளைகள் வருவார்களா என்ற ஐயத்துக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் தொடக்கமே சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிதான். வேலூரிலோ, 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார், சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் உருவாக அவரே காரணம். இவர்கள் அசாதாரணமானவர்கள், எல்லாத் தாத்தா பாட்டியாலும் இப்படி முடியாது என்று சொல்லலாம். சொல்லிவிட்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இருவரையும் தேடி ஆட்கள் வந்தது அனுதாபத்தால் இல்லை, அவர்களிடம் ஆகவேண்டிய வேலை இருந்ததால்.

பேரப்பிள்ளைக்கும் அப்படி ஒரு வேலை தாத்தா பாட்டியிடம் இருக்க வேண்டும். இதற்கு அரசும் தேவையில்லை, பணமும் அதிகம் தேவையில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்பது, சொல்வதெழுதுதல் கொடுப்பது, மறுநாள் பாட அட்டவணைப்படி பை அடுக்கியாயிற்றா என்று போனில் விசாரிப்பது போன்ற ஏதாவது ஒன்று, அவருடையது என்று பேர் சொல்லி ஒதுக்கப்பட வேண்டும். அதை அம்மாவோ அப்பாவோ அவசரத்தில் தட்டிப் பறிக்கக் கூடாது. இரவு எட்டு மணிக்குக் களைத்துத் திரும்பிய பெற்றோர் பொதுவாகத் தட்டிப் பறிக்கவும் மாட்டார்கள். இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் பெரியவர்களுக்குத் தமிழும் தெலுங்கும் ஒன்றுபோல வரும். சென்னையில் வளரும் பேரனுக்குத் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று ஆகிவிடுகிறது, அவ்வாவோடு, அதாவது பாட்டியோடு, தெலுங்கு நின்றுபோகிறது. தினமும் பத்து நிமிடம் அவ்வா தெலுங்கிலேயே பேசுவது என்று வைத்துக்கொண்டால், கட்டிலில் இருப்பவரிடம் மட்டுமே கிடைக்கும் ஒரு பொருள் பிள்ளைக்குக் கிடைக்கும்.

விளையாட்டிலும் இதே கணக்குதான். ஓட்டப் பந்தயத்தில் தாத்தா தோற்றவர்; தாயத்திலும் பல்லாங்குழியிலும் பரமபதத்திலும் ஆடுபுலியிலும் இருவரும் சமம், பல்லாங்குழியில் பாட்டி ஒருபடி மேல். தரையில் உட்கார முடியாதவர்களுக்காகப் பலகையை மேசைக்கு ஏற்றினால் போதும். 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது, 2024-இல் பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார் என்ற கொண்டாட்டத்துக்குப் பிறகு சதுரங்கம் தெரியாத பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். தெரியாத தாத்தாக்களுக்குப் பிள்ளைகளே கற்றுக்கொடுக்கலாம். போனிலும் ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல் என்று வாரக்கணக்கில் ஆட்டத்தை நீட்டிக்கலாம். மே மாதம் திருத்தணி வெயில் நாற்பது பாகையைத் தாண்டுவது வழக்கம். வானிலை அறிக்கைகளில் வேலூரோடு போட்டிபோடும் ஊர் இது. பகல் முழுவதும் பிள்ளைகளும் வெளியே போக முடியாத அந்த நாட்கள், உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களுக்கும் வற்றல் போடுவதற்கும் தோதானவை. கூழின் பக்குவமும் உப்பும் நாற்காலியில் இருக்கும் ஆயாவின் பொறுப்பு, பிழிவதும் மாடியில் காயவைப்பதும் பேரப்பிள்ளைகளின் பொறுப்பு.

அடுத்தது போன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், அதே ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்ததும் நகர முடியாத முதியவர்களின் வாழ்க்கையில் நேர்ந்த பெரிய மாற்றம். எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்துபோக வேண்டிய காலத்தில் மூட்டுவலிக்காரர்களுக்குத் தொலைபேசியும் தூரத்திலேயே இருந்தது. இப்போது முகம் பார்த்துப் பேசுவது ஒரு கிளிக்கில் முடிகிறது. ஆனால் பெரும்பாலான அழைப்புகள் “சாப்பிட்டியா, ஸ்கூலுக்குப் போனியா, நல்லா படிக்கிறியா” என்ற மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகின்றன, பிள்ளை நழுவிவிடுகிறது. “எங்களோட பேசவே மாட்டேங்குது” என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். தவறு பிள்ளையிடம் இல்லை. நடந்ததைத் தொகுத்துச் சொல்லும் திறன் நான்கைந்து வயதில் முழுதாக வந்திருக்காது. அந்த வயதுக்குப் பேச்சைவிடக் கண்ணெதிரே ஒரு பொருள் வேண்டும்.

எனவே இரண்டு பக்கமும் ஒரே பொருள் இருப்பது நல்ல உத்தி. ஒரே படக்கதைப் புத்தகத்தில் இரண்டு பிரதிகள் வாங்கி, ஒன்று திருத்தணியிலும் ஒன்று பேத்தி வீட்டிலும் இருக்கட்டும். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலம் சேர்த்து இருமொழிப் படக்கதைகள் வெளியிடுகிறது; பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். தாத்தா படிக்கப் படிக்கப் பிள்ளை தன் பக்கத்தில் பக்கம் புரட்டும். தூரத்திலிருந்து கதை படிப்பது வேலைக்கு ஆகுமா என்று சந்தேகப்படுவோருக்குக் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் பாட்டிமார் குழு சான்று. 2009-இல் பிரிட்டனைச் சேர்ந்த தன்னார்வலர்கள், அவர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஸ்கைப் வழியாக இந்தியப் பிள்ளைகளுக்குக் கதை படிக்கத் தொடங்கினார்கள். யாரென்றே தெரியாத வெள்ளைக்காரப் பாட்டியின் கதைக்கு ஐதராபாத் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள் என்றால், சொந்தப் பாட்டிக்கு உட்காரமாட்டார்களா?

வயதுக்கேற்ப முறை மாறும். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2016 பரிந்துரை, வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்தது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இரண்டு வயதுக்குள் உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பை விலக்காகவே வைக்கிறது. அந்த வயதில் குழந்தையின் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து, திரையில் தாத்தா கைதட்டும்போது இங்கே குழந்தையின் கையைச் சேர்த்துத் தட்டவைக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தைக்கு அது இன்னொரு விளம்பரம். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் கேமரா முன் நிற்கக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்குக் குரல்பதிவு பொருந்தும். சின்னச் சின்னக் கதைகளையும் குடும்பத்துப் பழங்கதைகளையும் மூன்று நிமிடக் குரல்பதிவாக அனுப்பினால் பஸ்ஸில் போகும்போது கேட்டுக்கொள்வார்கள்.

கருவியில் சில எளிய ஏற்பாடுகள் வேண்டும். கை நடுங்குகிறவருக்குப் போன் ஸ்டாண்டு இல்லாமல் வீடியோ அழைப்பே கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் பேரப்பிள்ளை பார்ப்பது பெரும்பாலும் மின்விசிறியையும் மூக்குத் துவாரத்தையும்தான். வெளிச்சம் முகத்துக்கு நேரே விழ வேண்டும். பேரப்பிள்ளைகளின் படத்தைத் தொட்டால் அழைப்பு போகும்படி முகப்பில் வைத்துக் கொடுக்க வேண்டும். நேரமும் நிலையாக இருக்க வேண்டும். நியூஜெர்சியில் கோடையில் பிள்ளைகள் எழும் காலை எட்டரை, திருத்தணியில் மாலை ஆறு மணி. கலிஃபோர்னியாவின் மாலை ஆறரை, இங்கே மறுநாள் காலை ஏழு. சிங்கப்பூரின் இரவு எட்டு, இங்கே மாலை ஐந்தரை. “நேரம் கிடைக்கும்போது கூப்பிடறேன்” என்பது கூப்பிடாமல் இருப்பதற்கான நாகரிகமான பெயர். கால் நடக்காதவர்களின் நாள் மிக நீளமானது. குறித்த நேரம் ஒன்று இருந்தால் அந்த நாளுக்கு ஒரு வடிவம் கிடைக்கும்.

பேச்சு போனவர்கள் விஷயத்தில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் பொறுமைசாலிகள். பக்கவாதத்தில் சொற்கள் வராமல் போன சிலருக்கு, மனப்பாடமான பாட்டு வரிகள் மட்டும் வரும். மருத்துவத்தில் இது நன்கு அறியப்பட்ட செய்தி. திருப்புகழ் சந்தங்களைச் சின்ன வயதிலிருந்து பாடி வளர்ந்தவர்கள் உள்ள ஊரில் இது வெறும் மருத்துவச் செய்தி அல்ல. ஒரு சொல்லும் பேச முடியாத தாத்தா தாளம் போட, பேரன் பாடலாம். கடிதமும் இன்னும் ஒழிந்துவிடவில்லை. அஞ்சல் அட்டை ஐம்பது காசுதான். இடக்கையால் எழுதப் பழகும் பக்கவாத நோயாளியின் கோணல் எழுத்தும், முதல் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்தும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

போன் எவ்வளவு உதவினாலும் நேரில் வருவதற்கு ஈடு இல்லை. இந்த விஷயத்தில் திருத்தணிக்காரர்களுக்குச் சில ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி ஒன்று இருக்கிறது: பிள்ளைகள் வந்தே ஆகவேண்டிய காரணங்களை ஊரே வைத்திருக்கிறது. முதல் மொட்டையும் காதுகுத்தும் தணிகை மலையில் என்று வேண்டிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரும். அன்றைக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவதும் உண்டு. டிசம்பர் 31 இரவு படிபூஜையில் ஒவ்வொரு படியும் மஞ்சள் குங்குமமிட்டு, திருப்புகழ் பாடி வழிபடப்படுகிறது. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் வழியாக வந்த வழக்கம் அது. அரையாண்டு விடுமுறை ஏறத்தாழ அந்த வாரத்திலேயே வருகிறது.

இருந்தும் விழா நாளில் நடப்பது என்ன? எல்லோரும் மலைக்குப் போய்விடுவார்கள். நடக்க முடியாத பாட்டி வீட்டில் சாவியோடு இருப்பார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையைச் சாயங்காலம் ஒரு நிமிடம் காட்டிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். இதைத் திருப்பிப் போடலாம். மலைக்குக் காரும் ஆட்டோவும் போகும். கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளைக் குறித்தால் பாட்டியையும் மேலே கொண்டுபோக முடியும். கிருத்திகை நாளில் காது குத்தியே தீரவேண்டும் என்பது வசதிக்காக விட்டுக்கொடுக்கக்கூடிய பிடிவாதம்தான். பழநியில் பல்லாண்டுகளாக வின்ச்சும் ரோப்காரும் ஓடுகின்றன. பக்கத்துச் சோளிங்கரில் 1,305 படிகள் ஏற முடியாதவர்களுக்காக 2024-இல் ரோப்கார் வந்தது. நகர முடியாத பக்தர்களையும் மலையேற்றும் பொறுப்பு தனக்கு உண்டு என்பதை அறநிலையத் துறை இவற்றின் மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறது. வாகனச் சாலை இருப்பதாலேயே திருத்தணியில் வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. வண்டியிலிருந்து சந்நிதி வரை உள்ள தூரமும் ஒரு பயணம்தான்.

எதிர்த்திசைப் பயணம், அதாவது முதியவர் பேரப்பிள்ளை வீட்டுக்குப் போவது, இன்னும் கடினம். மின்சார ரயிலின் தளம் நடைமேடையைவிட உயரம். நின்ற சில நொடிகளில் வாக்கரோடு ஏற முடியாது. ரயில்களில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கு 50, 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தப்பட்டது. கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. துணையில்லாமல் பயணிக்க முடியாத உடலியக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கும் உடன் செல்பவருக்குமான சலுகை தொடர்கிறது. அதற்கு உரிய சான்று வேண்டும். மூட்டுவலிதானே என்று சான்று வாங்காமல் விட்டவர்கள் முழுக் கட்டணம் செலுத்துகிறார்கள். தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்தம் உதவியாளருக்கும் பயணம் இலவசம். ஆனால் இலவசப் பேருந்தின் முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது.

பிள்ளைகள் வரும்போது நோயாளி அறைக்கு அவர்களைத் தயார்ப்படுத்துவதும் ஒரு வேலை. சிறுநீர்ப் பை, மூக்குக் குழாய், மருந்து நெடி, கோணிய வாய் எல்லாம் குழந்தையைப் பயமுறுத்தும். “தாத்தாவுக்கு முத்தம் குடு” என்று தள்ளுவதைவிட, என்ன பார்க்கப்போகிறாய் என்று வழியிலேயே சொல்லிவிடுவது நல்லது. போனவுடன் கையில் ஒரு வேலை கொடுக்க வேண்டும்: தண்ணீர் எடுத்துவருவது, கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பது, மாத்திரை டப்பாவில் கிழமை படித்துச் சொல்வது. பெரிய பிள்ளைகள் ஓய்வூதியதாரர்களின் உயிர்வாழ்வுச் சான்றை முகம் காட்டிப் போனிலேயே பதிந்து கொடுக்கலாம். 2021 முதல் அந்த வசதி உண்டு. கருவூல அலுவலகத்துக்குப் போகும் அலைச்சல் ஒன்று குறையும்.

இதில் ஓர் எல்லை இருக்கிறது. உதவி வேறு, பராமரிப்புச் சுமை வேறு. மகன் வேலைக்குப் போக, மருமகள் வேலைக்குப் போக, படுக்கையில் இருக்கும் ஆயாவைப் பதின்மூன்று வயதுப் பேத்தியிடம் ஒப்படைத்துவிடும் வீடுகள் உண்டு. பேரனிடம் அப்படி ஒப்படைப்பது அரிது. பள்ளிக்கு விடுப்பு எடுக்கவைத்து, தூக்கிக் குளிப்பாட்டவும் அணையாடை மாற்றவும் ஒரு சிறுமியை வைப்பதை நெருக்கம் என்று புகழ்வது அநியாயம். அவளுக்கு அந்த ஆயா மீதான பிரியமும் அத்தோடு தீர்ந்துபோகும். பெரிய ஆளைச் சின்னப் பிள்ளை தூக்கினால் இருவரும் விழுவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. அது நடுத் தலைமுறை. போனைப் பிள்ளையின் கையில் கொடுப்பவரும், விடுமுறைக்கு எங்கே போவது என்று முடிவுசெய்பவரும் அவர்களே. மகன் வழிப் பேரப்பிள்ளை, மகள் வழிப் பேரப்பிள்ளை என்ற வேறுபாடும், மாமியார் மருமகள் பிணக்கும், பாகப்பிரிவினை மனக்கசப்பும் பேரப்பிள்ளையின் வருகையில் வந்துதான் வெளிப்படும். நடக்க முடிந்தவர் பள்ளி வாசலில் நின்றாவது பேரனைப் பார்த்துவிடுவார். முடியாதவருக்குக் கதவு சாத்தினால் சாத்தியதுதான். ஆகவே மருமகளோடோ மருமகனோடோ உள்ள உறவைச் சீராக வைத்துக்கொள்வது நகர முடியாதவருக்குக் கூடுதல் அவசியமாகிறது. பிள்ளை வளர்ப்பில் குறை சொல்வதைப் போனில் தவிர்ப்பது அதில் பாதி.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வரும்? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், பராமரிக்கக் கடமைப்பட்ட பிள்ளைகள் என்பதில் வயதுவந்த பேரன் பேத்தியையும் சேர்த்திருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். திருத்தணி தனி வருவாய்க் கோட்டம் என்பதால் அலுவலகம் ஊரிலேயே இருக்கிறது. நேரில் போக முடியாதவர் தன் சார்பில் வேறொருவரையோ ஓர் அமைப்பையோ அதிகாரப்படுத்தலாம்; தீர்ப்பாயம் தானாகவும் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சட்டம் தருவது பராமரிப்புத் தொகை. பேரப்பிள்ளை வாரம் ஒருமுறை வரவேண்டும் என்றோ போனில் பேசவேண்டும் என்றோ உத்தரவிட அதில் இடமில்லை. பெற்றோர் பிரிந்துவிட்ட அல்லது இறந்துவிட்ட குடும்பங்களில் மட்டும், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர்கள், காக்கப்படுவோர் சட்டத்தின் கீழ்க் குழந்தையின் நலனை முன்வைத்து நீதிமன்றத்தை அணுகலாம். அங்கே வயதையும் உடல்நிலையையும் எதிர்த்தரப்பு காரணம் காட்டும். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்த்த குஜராத் வழக்கு இதற்கு நல்ல மறுமொழி. கொரோனாவில் பெற்றோரை இழந்த சிறுவனை, வயதில் இளையவர், வருமானம் உள்ளவர் என்று தாயின் சகோதரியிடம் உயர் நீதிமன்றம் ஒப்படைத்திருந்தது. வயதையும் வருமானத்தையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ள முடியாது என்று சொல்லி, எழுபதைக் கடந்த தாத்தாவிடமும் பாட்டியிடமும் அவனை உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது.